தடைக்காலம்

அறுபத்தொரு நாளில் பத்து நாளை
எடுத்துக்கொண்டு போனோம்.
ஊரில் மற்றவர்கள் வலை பொத்தினார்கள்,
படகுக்குச் சாயம் அடித்தார்கள்.
நாங்கள் சீட்டுப் பணத்தில்
பனி பார்க்கப் போனோம்.

"ஐஸ் பாக்கவா இம்புட்டுச் செலவு?"
எதிர்வீட்டு ரோஸ்மலர் சிரித்தாள்.
நியாயம்தான்.
பன்னிரண்டு வருஷமாய் நான்
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
ஒரு பார் உடைய எத்தனை அடி வேண்டும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் இது
யாரும் பில் போடாத ஐஸ்.
எமல்டா இரண்டு கையாலும் அள்ளித்
தண்ணீர் பாட்டிலில் திணித்தாள்,
தங்கச்சிமடம் வரைக்கும் தாங்கும் என்று.
ஜம்மு தாண்டுவதற்குள்
அது வெறும் தண்ணீர்.
கொட்டவும் விடவில்லை, குடிக்கவும் விடவில்லை.

வழிகாட்டி ஒரு மலையைக் காட்டினான்:
அதற்கு அப்பால் அவர்கள்.
பஸ்ஸே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து பார்த்தது.
சவேரி மட்டும் பார்க்கவில்லை.
செருப்பில் ஒட்டிய சேற்றைச்
சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஏரியில் படகு தள்ளிய ஃபயாஸுக்கு
சவேரி வயசுதான் இருக்கும்.
இதய வடிவில் துடுப்பு.
வாங்கி ரெண்டு வலி வலித்துப் பார்த்து
"உப்பில்லாத தண்ணி, கனமே இல்ல"
என்று திருப்பிக் கொடுத்தார்.
கரையோரம் மணல்மூட்டைக்குப் பின்னால்
ஒரு துப்பாக்கியின் முனை;
அதற்குக் கீழே
யாரோ நட்டு வைத்த ரோஜா.

"அப்பா, இதுல எதுவரைக்கும் போகலாம்?"
"கரை வரைக்கும்."
"அதுக்கு மேல போனாப் புடிச்சிருவாங்களா?"

ஃபயாஸ் தன் கைபேசியிடம் ஏதோ சொன்னான்.
கைபேசி அதைத் தமிழில் சொன்னது,
பாடம் ஒப்பிக்கும் பெண் குரலில்:
உங்கள் கடலில் சுடுகிறார்களாமே.
குழந்தையை வைத்துக்கொண்டு
அங்கே எப்படி இருக்கிறீர்கள்?

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி
அண்ணன் ஃபோனில் கேட்ட அதே கேள்வி.
இடத்தின் பெயர் மட்டும் வேறு.

சவேரி கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.
பிறகு கைபேசிக்கு அருகே குனிந்து,
செவிடனிடம் பேசுவதுபோல் சத்தமாக,
"மூணு மாசம் உள்ள இருந்தேன்" என்றார்.
யாழ்ப்பாணம் என்று சொல்லவில்லை.
ஜெயில் என்று சொல்லவில்லை.
நம் ஊரில் உள்ளே என்றால்
வேறு அர்த்தம் கிடையாது.

கைபேசி அதை எப்படித் திருப்பியதோ.
ஃபயாஸ் துடுப்பை நிறுத்தினான்.
நாங்களும் உள்ளேதான் இருந்தோம்,
ஏழு மாதம், என்றது பெண் குரல்.

எந்த உள்ளே என்று நாங்கள் கேட்கவில்லை.
படகு தானாகச் சுற்றி நின்றது.
எமல்டா தாமரை இலையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஜூன் பதினான்கு ராத்திரி.
ஜெட்டி முழுக்க டீசல் வாசனை.
வடக்கத்திக் குடும்பம் ஒன்று
பாம்பன் பாலம் பார்த்துவிட்டு இங்கே வந்து
எங்கள் படகுகளுக்கு முன்னால் நின்று
படம் எடுக்கிறது.
அந்த அம்மாள் என்னிடம்
எத்தனை அழகு என்றாள்.
அவ்வளவு இந்தி எனக்கு வரும்.
தலையாட்டினேன்.

சவேரி ஓட்டும் படகுக்கு முப்பது பார்.
உடைத்துக் கொட்டும்போது எமல்டா ஓடிவந்து
ஃபிரிஜ்ஜில் மறுபடி உறைய வைத்த பாட்டிலைத்
தலைகீழாய்த் தட்டினாள்.
ஒரு துண்டு விழுந்தது.
எது அது என்று அப்புறம் தெரியவில்லை.
நான் முப்பது என்றே எழுதினேன்.

டோக்கன் வாங்கி, சிலுவை போட்டு,
விடிகாலையில் போனார்.
பின்விளக்கு சின்னதாகி
மற்ற விளக்குகளோடு கலந்தது.

ஃபயாஸ் முந்தாநாள் அனுப்பிய செய்தி
இன்னும் பதில் எழுதாமல் கிடந்தது.
ஏரியின் படம்,
கீழே மொழிபெயர்ப்புத் தமிழில்:
எப்படி இருக்கிறீர்கள், உள்ளேயா வெளியேயா?

வெளியே, என்று தட்டி அனுப்பினேன்.
நீங்கள்?

மணி பதினொன்று.
ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓடுகிறது.
ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது.